பொருள்: தெரியவில்லை

ஓய்வு பெற்றவனுக்கு அலுவலகத்திலிருந்து போன் வந்தால் இரண்டே காரணம்தான். ஏதோ ஒரு கோப்பு காணவில்லை. அல்லது கிடைத்துவிட்டது, அதில் நம் கையெழுத்து இருக்கிறது. போன மாதம் சரவணன் கூப்பிட்டபோதுதான் மூன்றாவது காரணமும் உண்டென்று தெரிந்தது. சரவணன், நான் எழுந்து வந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் எழுத்தர்.

“அண்ணே, இனிமே இலவச மெயில்ல ஆபீஸ் கடிதாசி எதுவும் போகக் கூடாதுன்னு மேலருந்து சுற்றறிக்கை வந்திருக்கு. பழைய ஐடியை மூடப் போறோம். பாஸ்வேர்ட் யாருக்கும் தெரியல. மாத்தலாம்னு போனா, அம்மாவோட பிறந்த வீட்டுக் குடும்பப் பேரு என்னன்னு கேக்குது. யாரோட அம்மான்னே எங்களுக்கு வெளங்கல. நீங்க என்னண்ணே போட்டு வச்சீக?”

“அது உனக்கு எதுக்கு,” என்றேன்.

சரவணன் குரலைத் தாழ்த்தினான்.

“கோவிச்சுக்காதீகண்ணே. ஆபீஸ் வேலைக்குத்தான் கேக்கேன்.”

“கோவமில்லப்பா. அதுதான் பதிலு. ‘அது உனக்கு எதற்கு’. இங்கிலீஷ் எழுத்துல, நடுவுல இடம் விடாம அடி. பழைய ஹெச்.எம். போட்டது.”

சாயங்காலமே மறுபடி கூப்பிட்டான். பூட்டு திறந்துவிட்டதாம். “உள்ள குப்பை மலையாக் குமிஞ்சு கெடக்குண்ணே. அது பரவால்ல. அம்புட்டுக் குப்பைக்கும் ஒரு காலத்துல யாரோ மரியாதையா, எண் போட்டு, பதில் எழுதியிருக்காக. யாருண்ணே அந்தப் புண்ணியவான்?”

நான்தான். அவனிடம் போனில் சொல்லக் கூச்சமாக இருந்தது. ஊருக்கே எழுதிவிடுவது சுலபம்.

எனக்கு ஊர் பசுமலை. அப்பாவும் அம்மாவும் மிஷன் பள்ளி ஆசிரியர்கள். எங்கள் வீட்டில் சாப்பாட்டுக்குக் கூட வரிசையில்தான் நிற்போம். தட்டச்சில் ஹையர் முடித்து, காளவாசல் பக்கம் ஒரு தனியார் அறக்கட்டளை நடத்திய, அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளியில் எழுத்தராகச் சேர்ந்தேன். அறக்கட்டளையார் சௌராஷ்டிரக் குடும்பத்தினர். தங்களுக்குள் சௌராஷ்டிரத்திலும் எங்களிடம் தமிழிலும் பேசுவார்கள். அத்தனை வருடத்தில் அந்த மொழியில் எனக்குப் பிடிபட்டது, சாப்பிட்டாயிற்றா என்பதும் இன்னொரு காபி வேண்டாம் என்பதும் மட்டும்தான். இரண்டாவதைச் சொன்னால் எப்போதும் இன்னொரு காபி வந்தது. ஆகவே அதையும் சரியாகக் கற்றேனா என்று சந்தேகம்.

பயிற்சி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. வந்த தபாலுக்கு எண் போடு; எண் போட்டதற்கு மூன்று நாளில் பதில் போடு; பதிலுக்கு அலுவலக நகல் எடு. முதல் பத்து வருடத்தில் படித்தது இவ்வளவுதான். அடுத்த இருபத்தைந்து வருடமும் இதையேதான் செய்தேன். நடுவில் ஒருநாள் கம்ப்யூட்டர் வந்தது.

துளசிராம் சார் தலைமையாசிரியராக இருந்த காலம் அது. அவரும் சௌராஷ்டிரர்தான். ஒல்லியான மனிதர். இஸ்திரி கலையாத அரைக்கைச் சட்டை, சட்டைப் பையில் பச்சை மைப் பேனா. தபால் படிப்பதை அவர் ஒரு பூஜை மாதிரி செய்வார். ஒவ்வொரு கடிதத்தையும் மேசையில் விரித்து, மர ஸ்கேலை முதல் வரிக்குக் கீழே வைத்து, வரி வரியாக இறக்கிக்கொண்டே வருவார். கடைசி வரியில் ஸ்கேல் நின்றதும் இடது மேல் மூலையில் தேதியும் சுருக்கொப்பமும். பதில் சொல்லும்போது எழுந்து நின்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிறுத்தக்குறியோடு சேர்த்தே சொல்வார். “தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது முற்றுப்புள்ளி.” ஒருமுறை அவர் வீட்டுக்குப் போன் போட்டு, “சாயங்காலம் வர லேட்டாகும் கமா நீங்க சாப்பிட்டுருங்க” என்றதை நானே கேட்டிருக்கிறேன்.

கல்வி அலுவலகத்தில் எல்லாப் பள்ளிக்கும் மின்னஞ்சல் முகவரி வேண்டும் என்றார்கள். இலவசமாகக் கொடுத்த ஒரு கம்பெனியில் ஒன்று தொடங்கினோம். தொடங்கும்போதே சாரின் தாயாரின் பிறந்த வீட்டுப் பெயரைக் கேட்டது. “முன்பின் தெரியாதவன், வாசல்ல நிக்கும்போதே அம்மா வீட்டைக் கேக்குறானே?” என்று முகம் சிவந்து அவர் அடிக்கச் சொன்ன பதிலைத்தான் நான் சரவணனுக்குச் சொன்னேன்.

மின்னஞ்சலும் தபால்தான் என்பது சாரின் தீர்ப்பு. ஆகவே வந்ததையெல்லாம் அச்செடுத்து, தபால் பதிவேட்டில் ஏற்றி, எண் போட்டு, அவர் மேசையில் வைத்தேன். முதல் வாரத்திலேயே ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு விதவை எழுதியிருந்தார். கணவர் விட்டுச்சென்ற கோடிக்கணக்கான சொத்தை நம்பிக்கையான ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டுமாம். ஸ்கேல் மெதுவாக இறங்கியது. சார் எழுந்து ஜன்னலைப் பார்த்தார்.

“அன்னாரின் மறைவுக்கு ஆழ்ந்த இரங்கல் முற்றுப்புள்ளி. இப்பள்ளி அரசு உதவி பெறும் பள்ளியாதலால் கமா வெளிநாட்டு நன்கொடை பெற நிர்வாகக் குழுவின் முன் அனுமதி தேவை முற்றுப்புள்ளி. உரிய சான்றுகளுடன் விண்ணப்பிக்கவும் முற்றுப்புள்ளி.”

அனுப்பினேன். நகல் எடுத்தேன். விதவை அன்று மத்தியானமே பதில் போட்டார். கல்வி அலுவலகம் ஒருநாளும் காட்டாத வேகம். சாருக்கு அந்த அம்மாள் மேல் ஒரு மரியாதையே வந்துவிட்டது.

அப்புறம் மடை திறந்த கதைதான். உடல் இளைக்கச் சொல்லி வந்ததற்கு, ‘பள்ளியில் சத்துணவுத் திட்டம் நடைமுறையில் உள்ளதால் இளைக்க இயலாத நிலை’ என்று பதில் போனது. ஆண்களுக்கான ஒரு மாத்திரை பற்றி வந்த கடிதத்தில் சார் பச்சை மையில், ‘உடற்கல்வி ஆசிரியரின் கருத்துக்கு’ என்று எழுதிவிட்டார். உடற்கல்வி ஆசிரியர் அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் விடுப்பில் போனார். நாளுக்கு நான்கு கடிதம் என்பது நாற்பதானது. தபால் பதிவேடு வருடத்துக்கு ஒன்று ஆகும். மூன்றே மாதத்தில் தீர்ந்தது.

ஜெயராணி டீச்சர்தான் முதலில் சொன்னார். வேதியியல் ஆசிரியை, ஆறு வருடமாகத் தற்காலிகப் பணி. விடைத்தாள் கட்டு வாங்க வந்தவர் என் மேசையைப் பார்த்துவிட்டு நின்றார்.

“சார், இதுக்கெல்லாமா பதில் போடுறீங்க? இது ஸ்பேம் சார். ஊர் முழுக்கக் கல்லெறிஞ்சு பாக்குறான். நீங்கதான் ஒவ்வொரு கல்லுக்கும், இந்தா இங்க ஆள் இருக்குன்னு குரல் குடுக்குறீங்க.”

அதை அப்படியே சாரிடம் சொன்னேன். ஸ்கேலைக் கீழே வைத்து யோசித்தார். “சரிதான் ஞானராஜ். ஆனா தபாலுக்குப் பதில் இல்லைன்னா ஆபீஸ்னு எதுக்கு போர்டு மாட்டியிருக்கோம்?” என்றார். எனக்கும் அதுவே நியாயமாகப் பட்டது. இதில்தான் என் அறிவின் அளவை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

பிறகு ஒருநாள் அவர் அறையிலிருந்து மணி அடித்தது. விட்டு விட்டு அடித்தால் வேலை; ஒரே மூச்சாக அடித்தால் கோபம். இது ஒரே மூச்சு.

“கதவைச் சாத்துங்க,” என்றார். “என் மக ஜாதக விஷயம் யார் யார்கிட்ட சொன்னீங்க?”

“எனக்கே தெரியாதே சார்.”

கம்ப்யூட்டர் திரையில் அந்த ஸ்கேலை வைத்துக் காட்டினார். இடது பக்கம், பரமக்குடியில் இருக்கும் மச்சினனுக்கு அவர் எழுதிய கடிதம்: பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பது பற்றி. வலது பக்கம் ஒரு விளம்பரம்: பொருத்தமான வரன் தேடுகிறீர்களா? அதற்குக் கீழே கல்யாண மண்டபம். அதற்குக் கீழே பட்டுப்புடவை.

“இவன் கைல யார் சொன்னா?”

யாரும் சொல்லவில்லை, இலவசம் என்பதால் கம்பெனியின் இயந்திரம் கடிதத்தைப் படித்துப் பார்த்து அதற்கேற்ற விளம்பரம் போடுகிறது என்று எனக்குத் தெரிந்த அளவில் விளக்கினேன். கல்யாண வீட்டில் ஓசிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால், நீ எந்த வீட்டுப் பையன் என்று கேட்கத்தானே செய்வார்கள் என்றும் சேர்த்தேன்.

“படிச்சா படிக்கட்டும். போஸ்ட் கார்டை தபால்காரரும்தான் படிச்சாரு. அதுக்காக அவர் கையோட மாப்பிள்ளையக் கூட்டிட்டு வந்தாரா?”

அன்று முழுக்க அவர் வேறு வேலை பார்க்கவில்லை. சாயங்காலம் மறுபடி மணி, விட்டு விட்டு. முகத்தில் பத்து வயது குறைந்திருந்தது. மச்சினனுக்கு இன்னொரு கடிதம் எழுதியிருந்தார், ஆங்கில எழுத்தில், ஆனால் சௌராஷ்டிரத்தில். வலது பக்கம் வெறிச்சென்று கிடந்தது.

“பாத்தீங்களா? முழிக்குது,” என்றார். “நம்ம பாஷை அதுக்குத் தெரியாது.”

இவ்வளவும் முன்கதை. இனித்தான் விஷயம்.

அந்த வருடம் ஜெயராணி டீச்சர் வகித்த இடத்தை நிரந்தரமாக நிரப்ப அனுமதி வந்தது. நிர்வாகக் குழு கூடித் தேர்வு செய்ய வேண்டும். போட்டியில் இருவர்: டீச்சரும், குழு உறுப்பினர் ஒருவரின் அக்காள் மகனும். பையனையும் குறை சொல்ல முடியாது, நல்ல படிப்பு. இடம் ஒன்றுதான் என்பதால், அவர் உள்ளே வந்தால் டீச்சர் அடுத்த நாள் முதல் வீட்டில் இருக்க வேண்டும். அறக்கட்டளையில் ஒரு பழைய விதி உண்டு: தற்காலிக ஆசிரியரின் பெயரைப் பரிசீலிக்கவே தலைமையாசிரியரின் ரகசிய அறிக்கை செயலாளர் கையில் இருக்க வேண்டும். அறிக்கை இல்லையென்றால் பெயரே இல்லை.

முன்பெல்லாம் அரக்கு வைத்த உறையில் நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். செயலாளர் பெங்களூரில் மகன் வீட்டுக்குக் குடிபோய்விட்டதால், மெயிலில் அனுப்பச் சொன்னார்.

சார் அறிக்கையை மூன்று நாள் ஒற்றை விரலால் தானே அடித்தார். ரகசிய அறிக்கை என்பதால் எனக்கு அனுமதி இல்லை. முழுக்க சௌராஷ்டிரம். ஆங்கில எழுத்தில் அதற்கென்று ஒரு முறையை அவரே உண்டாக்கியிருந்தார். எந்த ஒலிக்கு எந்த எழுத்து என்பது அவருக்கும் கடவுளுக்கும்தான் வெளிச்சம். கடைசியில் அனுப்பும் பொத்தான் எது என்று தெரியாமல் என்னைக் கூப்பிட்டார்.

“படிக்காம அனுப்புங்க.”

“படிச்சாலும் எனக்குப் புரியாது சார்.”

“புரியாததைப் படிக்கிறதும் படிக்கிறதுதான். நகல் எடுக்கக் கூடாது.”

“சரிங்க சார்.”

கடைசி மணி அடித்ததா என்று பார்க்க அவர் வராந்தாவுக்குப் போனார். அந்த அரை நிமிடத்தில் என்ன நடந்தது என்று என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. முப்பது வருடமாக எந்தக் கடிதம் போனாலும் நகல் எடுத்த கை. மூளைக்குத் தகவல் போவதற்குள் பிரிண்டரிலிருந்து இரண்டு தாள் வெளியே வந்துவிட்டது. மடித்து உறையில் போட்டு ஒட்டி, ‘ரகசியம்’ முத்திரை குத்தி, பீரோவில் வைத்துப் பூட்டினேன். அனுப்புகைப் பதிவேட்டிலும் ஏற்றினேன். பொருள் என்ற கட்டத்தில் ‘தெரியவில்லை’ என்று எழுதினேன். முழுக்க உண்மையாக நான் எழுதிய ஒரே பதிவு அதுதான்.

சார் திரும்பி வந்து, அனுப்பிய கடிதங்களிலிருந்து அதை அழிக்கச் சொன்னார். குப்பைத் தொட்டியிலிருந்தும் அழிக்கச் சொன்னார். “தடயமே இருக்கக் கூடாது,” என்றார். அழித்தேன்.

பத்து நாள் கழித்து, ஒரு சனிக்கிழமை பதினொரு மணிக்குக் குழு கூடியது. அதே காலையில்தான் சாருக்குக் கண்புரை ஆபரேஷன். ஆஸ்பத்திரியில் எப்போதோ கொடுத்த தேதி. ஏழு உறுப்பினர்கள் ஹெச்.எம். அறையில் மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஜெயராணி டீச்சர் சிறப்பு வகுப்பு முடித்து வராந்தாவில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். ஒரே தாளை நெடுநேரம் திருத்தினார்.

செயலாளர் தொண்டையைச் செருமினார். “துளசிராம் அறிக்கை எனக்கு வரலையே.”

“அனுப்பியாச்சு சார். நான்தான் பொத்தானை அமுக்கினேன்,” என்றேன்.

பள்ளிக் கம்ப்யூட்டரில் அவர் மெயிலைத் திறந்து தேடினோம். இல்லை. ஸ்பேமில் பார்க்கலாமா என்று கேட்டேன். பார்த்தோம்; துடைத்து வைத்த மாதிரி காலியாக இருந்தது.

“அந்தக் குப்பையை நான் தினம் காலைல காபிக்கு முன்னாடியே அழிச்சிருவேன்,” என்றார் செயலாளர் பெருமையாக. “பையன் சொல்லிக் குடுத்திருக்கான்.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இயந்திரத்தின் பக்கமிருந்து யோசித்துப் பார்த்தேன். ஊரிலுள்ள மோசடிக்காரர்கள் அத்தனை பேரோடும் கடிதப் போக்குவரத்து வைத்திருக்கும் ஒரு முகவரி. அதிலிருந்து உலகத்தில் எந்த மொழியிலும் இல்லாத மாதிரி ஒரு நீளமான கடிதம். நானே இயந்திரமாக இருந்தால் அதைக் குப்பையில்தான் போட்டிருப்பேன். பாதிக் குற்றம் சாருடையது. பாதி, எண் போட்டுப் பதில் எழுதிய என்னுடையது. விளைவு முழுக்க வராந்தாவில் உட்கார்ந்திருப்பவருக்கு.

சாருக்குப் போன் போட்டேன். அவர் மகன் எடுத்தான். உள்ளே அழைத்துப் போய்விட்டார்களாம், பேச முடியாதாம். செயலாளருக்கு ஒன்றரைக்கு ரயில்.

“விதின்னா விதிதான்,” என்றார் அக்காள் மகன் தரப்பு உறுப்பினர். “அறிக்கை இல்லைன்னா டீச்சர் பேரை எடுக்க வழியில்ல. அடுத்த பேரைப் பாப்போம்.”

பீரோ சாவி என் இடுப்பில் இருந்தது. ரகசிய ஆவணத்துக்குத் தலைமையாசிரியர் உத்தரவை மீறி நகல் எடுத்தவன் என்று ஒப்புக்கொண்டால், அதற்கு என்ன நடவடிக்கை என்பதும் எனக்குத் தெரியும். அந்த விதியை டைப் செய்தவனே நான்தான். போய் எடுத்து வந்து மேசையில் வைத்தேன். “நகல் சார்,” என்றேன்.

செயலாளர் உறையைப் பிரித்துப் பார்த்தார். தாளைத் தள்ளிப் பிடித்தார், கிட்டே பிடித்தார். பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார்.

“இது நம்ம பாஷையா?”

“அப்படித்தான் இருக்கும்போல. ஆனா வாசிக்க வரலையே.”

மேசையைச் சுற்றித் தாள் ஒரு வட்டம் போனது. வீட்டில் பிறந்ததிலிருந்து பேசும் மொழி. ஆனால் அதை ஆங்கில எழுத்தில், அதுவும் துளசிராம் சாரின் எழுத்துக்கூட்டில், ஒருவரும் பார்த்ததில்லை. கடைசியில் செயலாளர் தாளை என்னிடம் நீட்டினார்.

“அவர் எழுத்து உங்களுக்குத்தான் பழக்கம். நீங்க சத்தமா வாசிங்க. காதுல விழுந்தா எங்களுக்குப் புரியும்.”

வாசித்தேன். ஒரு சொல்லுக்கும் அர்த்தம் தெரியாமல் இரண்டு பக்கம். முதல் வரியில் என் உச்சரிப்புக்கே நாலு பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். அப்புறம் மெல்ல மெல்ல அறை அமைதியானது. எனக்குப் பிடிபட்டவை, நடுநடுவே வந்த ‘லேப்’, ‘ஆசிட்’, ‘பப்ளிக் எக்ஸாம்’, அடிக்கடி வந்த ‘ஜெயராணி’. நான் நிறுத்திய இடங்களில் பெரியவர்கள் தலையாட்டினார்கள். அக்காள் மகன் தரப்புக்காரர் தாடையைத் தடவினார். அது நல்லதுக்கா கெட்டதுக்கா என்று தெரியாமல் அடுத்த வரிக்குப் போனேன். சொந்தத் தீர்ப்பைத் தெரியாத பாஷையில் தானே வாசிக்கும் கைதி மாதிரி இருந்தது.

கடைசிப் பத்தியில் திடீரென்று ‘ஞானராஜ்’ என்று வந்தது. வாசித்தேன். ஒருவர் குபீரென்று சிரித்தார். அடுத்த வரியிலும் ‘ஞானராஜ்’. ஏழு பேரும் சிரித்தார்கள். செயலாளர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். நான் நிறுத்தவில்லை. நடுவில் நிறுத்த எழுத்தருக்கு அதிகாரம் இல்லை.

“எனக்குக் கொஞ்சம் சொல்லலாமா சார்?” என்றேன் முடித்ததும்.

செயலாளர்தான் தமிழில் சொன்னார். “ ‘நகல் எடுக்க வேண்டாம் என்று ஞானராஜிடம் சொல்லப் போகிறேன். சரி என்பார், ஆனால் எடுப்பார். ஆகவே இந்தக் கடிதம் காணாமல் போனால் ஞானராஜைக் கேட்கவும்.’ ”

காணாமல் போனால் என்ன செய்ய வேண்டும் என்பதை, காணாமல் போகிற கடிதத்துக்குள்ளேயே எழுதி வைத்த மனிதரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

“டீச்சரைப் பத்தி என்ன சார் எழுதியிருக்காரு?”

“அது ரகசிய அறிக்கை. உங்ககிட்டச் சொல்லக் கூடாது,” என்றார் செயலாளர். நான் அப்போதுதான் அதை உரக்க வாசித்து முடித்திருந்தேன்.

அக்காள் மகன் தரப்புக்காரர் பெருமூச்சு விட்டார். “எங்க பய கெட்டிக்காரன், வேற எடம் கெடைக்கும். இம்புட்டு எழுதுனதுக்கு அப்பறம் இந்தப் பிள்ளையை வெளிய அனுப்புனா நல்லாருக்காது. டீச்சர் பேரையே எழுதுங்க.”

தீர்மானத்தை டைப் செய்து கையெழுத்து வாங்கிக்கொண்டு, வராந்தாவில் டீச்சரிடம் சொன்னேன். அவர் பேனாவை மூடிவிட்டு, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். சார் ஒரு கண்ணில் பஞ்சு ஒட்டிச் சாய்ந்து படுத்திருந்தார்.

“ஜெயராணிக்கு?”

“கெடச்சிருச்சு சார்.”

“அறிக்கை போய்ச் சேந்துச்சா?”

நடந்ததைச் சொன்னேன். அவர் ஒற்றைக் கண்ணால் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நகல் எடுக்கக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?”

“சொன்னீங்க சார். ஆனா நீங்களே கடைசிப் பத்தியில…”

“அது செயலாளருக்கு எழுதினது. உங்களுக்குச் சொன்னது வேற,” என்றார். “உத்தரவை மீறியிருக்கீங்க. திங்கக்கிழமை மெமோ தருவேன். ஒரு டிராஃப்ட் போட்டு வைங்க.”

என் மீதான குற்றச்சாட்டை நானே டைப் செய்தேன். திங்கட்கிழமை கறுப்புக் கண்ணாடியோடு வந்த சார், ‘கீழ்ப்படியாமை’ என்று எழுதியிருந்ததைப் பச்சை மையில் அடித்துவிட்டு, ‘பழக்கம்’ என்று திருத்தினார். மூன்று நாளில் விளக்கம் தரவேண்டும் என்று கெடு. மெமோவை நேரில் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். பியூன் அன்று விடுப்பு. அலுவலக மேசையில் பணியேற்பு அறிக்கையை எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்த ஜெயராணி டீச்சரைக் கூப்பிட்டுச் சார் அதைக் கையில் கொடுத்தார். நிரந்தரப் பணியில் அவர் செய்த முதல் வேலை அது.

ஆறடி தூரத்தில் இருந்த என் மேசைக்கு அவர் வந்து சேர ரொம்ப நேரம் ஆயிற்று.

“சார், தப்பா நெனச்சுக்காதீங்க,” என்றார்.

“அட, குடுங்க டீச்சர்,” என்றேன். “கையெழுத்து எந்தப் பக்கம் போடணும்?”